முப்பத்தாறு வோல்ட், பத்து அம்பியர்

மச்சான்,

இன்று காலை பத்து மணி போல, பஸ் நிலையத்துக்குப் பின்னால் நான் வைத்திருக்கும் மெஷின் திருத்துகிற கடைக்கு ஒருவர் வந்தார். நிலாவெளி வீதியில் பெயர்ப்பலகை செய்கிற கடை வைத்திருக்கிறாராம். பலகை வெட்டுவதற்கு ஒரு மெஷினைத் தானே கட்டுகிறாராம். துணிப்பையிலிருந்து இரண்டு ஸ்டெப்பர் மோட்டர்களை எடுத்து மேசையில் வைத்தார். அப்போதுதான் பெட்டி பிரித்த புதுச் சாமான். அந்த வார்னிஷ் மணம் மூக்கில் ஏறியதுமே நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அண்ணை, இதுக்கு எத்தினை வோல்டில, எத்தினை அம்பியரில பவர் சப்ளை போடவேணும்? ஆளுக்கொரு கதை சொல்லுறாங்கள்" என்றார்.

எனக்குத் தெரிந்தது ஒரே கதைதான். நீ சொல்லக் கேட்ட மாதிரியே ஒப்புவித்தேன். மோட்டரின் மேல் மூன்று வோல்ட் என்று எழுதியிருக்கும். அதை நம்பி மூன்று வோல்ட் கொடுத்தால் அது முனகிக்கொண்டு நிற்கும். இடையில் இருக்கிற ட்ரைவர் பலகை கரன்ட்டை வெட்டி வெட்டி அளவாகக் கொடுக்கும், ஆகவே ட்ரைவர் தாங்குகிற அளவுக்குள் வோல்டைத் தாராளமாகக் கொடு, வேகம் அதில்தான் இருக்கிறது. அம்பியருக்கு, எல்லா மோட்டரின் அளவையும் கூட்டு. அதில் மூன்றில் இரண்டு பங்கை எடு. பிறகு அதன் பாதியை மேலே போடு.

"அந்தப் பாதி என்னத்துக்கு?" என்று கேட்டார்.

"திருகோணமலைக்கு" என்றேன்.

அவர் சிரித்தார். நல்ல மனிதர், சிரித்துவிட்டு ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனார். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். நீ போய் ஒரு வருடம் முடியப் போகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத எனக்கு என்ன முகம் இருக்கிறது? இன்றைக்கு எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

திருகோணமலைக்கு ஒரு பங்கு. அந்தக் கதையை நீ முதன்முதலில் சொன்ன இடம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சீனன்குடாப் பக்கத்து ஆலையில், நாங்கள் இரண்டு பேரும் திருத்தப் பகுதியில் நின்ற காலம். பொதிகளுக்கு லேபல் ஒட்டுகிற மெஷின் ஒன்று காலையில் ஒழுங்காக ஒட்டும், மத்தியானம் தாண்டினால் லேபல் ஒரு விரற்கடை தள்ளி விழும், மூன்று மணிக்கு இரண்டு விரற்கடை. கொழும்பிலிருந்து வந்தவர்கள் மோட்டரை மாற்றினார்கள், வயரை மாற்றினார்கள், கடைசியில் எங்களைத் திட்டிவிட்டுப் போனார்கள். நீ போய்ப் பவர் சப்ளையின் மேல் உள்ளங்கையை வைத்தாய். வைத்த வேகத்தில் எடுத்தாய்.

"மச்சான், இதில முட்டை பொரிக்கலாம்" என்றாய். "இதின்ர லேபல்ல போட்டிருக்கிற கணக்கு குளிர் அறைக்குரியது. எங்கட தகரக் கூரைக்குக் கீழ அது செல்லாது. திருகோணமலைக்கெண்டு ஒரு பங்கு வைக்கவேணும். மற்ற மோட்டர் நிண்டா கரன்ட் எடுக்காது, இது நிண்டாலும் எடுக்கும். ஒரே இடத்தில நிக்கிறதுக்கும் பலம் வேணுமெல்லோ."

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்குத் தெரியாது என்று நான் எங்கேயும் தப்ப ஏலாது என்பதற்காகத்தான். பக்கத்தில் நின்று கேட்டவன் நான். நீ எனக்குப் படிப்பிக்க வந்தவனில்லை. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், வயதில் நீ இரண்டு மாதம் இளையவன். ஆனால் நீ கணக்குப் போடுகிறவன். நான் "ஓடுதெல்லோ, விடு" என்கிறவன். இருபது வருடம் நாங்கள் சண்டை பிடித்தது முழுக்க இதற்காகத்தான். "உன்ர கல்லறையில அதைத்தான் எழுதப்போறன், ஓடுதெல்லோ விடு எண்டு" என்று நீ பகிடி பண்ணுவாய். நானும் சிரிப்பேன்.

பிறகு உன் கையிலிருந்து ஸ்குரூட்ரைவர் நழுவத் தொடங்கியது. முதலில் பகிடியாக எடுத்தோம். சேட்டுப் பொத்தான் போட ஏலாமல் போனபோதுதான் உன் மனைவி ரஞ்சி உன்னைக் கொழும்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். தசை ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகிற வருத்தம், மருந்தில்லை என்றார்கள். இரண்டாவது வருடம் முடியும்போது உன்னிடம் மிச்சம் இருந்தது முகமும் பேச்சும் வலது கைச் சுட்டுவிரலும்.

உட்துறைமுகத்தடி ஒழுங்கையில் உன் வீட்டு முன்னறையில் கட்டில். படுத்தால் தெரிவது கூரைத் தகடு. தலைமாட்டை உயர்த்தி இருத்தினால் ஜன்னலுக்குள்ளால் தண்ணீரும் கப்பலும் தெரியும், நெஞ்சில் அடைக்கிற சளியும் கொஞ்சம் இறங்கும். ரஞ்சி மெலிந்த பிள்ளை. உன்னை அக்குளுக்குள் கை கொடுத்து ஒரு நாளைக்குப் பத்துத் தரம் தூக்கி இருத்துவாள். அவளுடைய இடுப்பு விட்டுப்போனது உனக்குத் தெரியும். அவள் குசினியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரம் நீ தாகம் என்றுகூடக் கூப்பிடமாட்டாய்.

ஒரு நாள் என்னிடம் சொன்னாய்: "மச்சான், சாகிறதுக்கு எனக்குப் பயமில்லை. ஒவ்வொருக்காலும் அவளைக் கூப்பிடுறதுதான் ஏலாமக் கிடக்கு. ஒரு விரல் மிச்சம் இருக்கு. அந்த விரலுக்கு ஒரு வேலை குடு."

அப்படித்தான் அந்தக் கட்டில் தொடங்கியது. நீ படுத்தபடி சொன்னாய், நான் கொப்பியில் கீறினேன். தலைமாட்டுப் பக்கம் இரண்டு திருகுத் தண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டெப்பர் மோட்டர், உன் விரலுக்குக் கீழே ஒரு சுவிட்ச். மேலே, கீழே. அவ்வளவுதான். பவர் சப்ளை என்று வந்ததும் நீ கண்ணை மூடிக் கணக்குப் போட்டாய்.

"மோட்டர் ஒண்டுக்கு நாலு அம்பியர். ரெண்டுக்கும் எட்டு. மூண்டில ரெண்டு எண்டா அஞ்சேகால் எண்டு வை. பாதியைப் போடு, எட்டு. கடையில எட்டுக் கிடையாது, பத்தை எடு. முப்பத்தாறு வோல்ட், பத்து அம்பியர். குறைச்சுப் போடாத, என்ன? படுத்த இடத்திலயிருந்து முதல் நாலு விரற்கடை தூக்கிறதுதான் பாரம். அதுக்குத்தான் கணக்கு. பாதி எழும்பினாப் பிறகு குழந்தைப்பிள்ளையும் தூக்கும்."

நான் கொழும்புக்குச் சொல்லி அனுப்பினேன். மூன்று கிழமை செல்லும் என்றார்கள். எனக்குப் பொறுமையில்லை. நீ நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டு போகிறாய், கட்டில் முடிந்து நிற்கிறது, பவர் சப்ளை மட்டும் இல்லை. கடையில் பழைய கமராச் செட் ஒன்றிலிருந்து கழற்றிய ஒன்று கிடந்தது. இருபத்துநாலு வோல்ட், ஐந்து அம்பியர். அதைப் பூட்டினேன். உப்புக்காற்றுக்கும் பல்லிக்கும் பயந்து, எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற மாதிரி, ஒரு பெரிய தகரப் பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து இறுக்கி மூடினேன். நிற்கிற நேரம் கரன்ட்டைப் பாதியாக்குகிற குட்டிச் சுவிட்ச் ஒன்று ட்ரைவரில் இருக்கிறது. அதைத் தட்டிவிடு என்று நீ சொல்லியிருந்தாய், நான் மறந்தேன். கட்டிலில் இரண்டு அரிசி மூட்டையைப் போட்டுப் பார்த்தேன். தூக்கியது. எனக்கு அது போதும்.

உன்னைக் கிடத்திவிட்டு வயரைக் கொளுவுகிற நேரம் கேட்டாய்: "என்ன போட்டனி?"

"நீ சொன்னதுதான். முப்பத்தாறு, பத்து."

மூன்று கிழமையில் மாற்றப் போகிறோம்தானே, எதற்கு இவனை யோசிக்க வைக்கவேணும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்க்க ஏலாத ஒருவனிடம் பொய் சொல்வது எவ்வளவு சுகம் என்று அன்றைக்கு அறிந்தேன்.

நீ விரலை அமத்தினாய். கட்டில் மெல்ல எழும்பியது. யாருடைய கையும் படாமல் நீ எழும்பி இருந்தாய். ரஞ்சி கதவடியில் நின்று அழுதாள். "கப்பலொண்டு உள்ளுக்கு வருது" என்றாய், ஏதோ அதுதான் முக்கியம் போல. பிறகு கீழே போனாய், மேலே வந்தாய், கீழே போனாய். "போதும், மோட்டரை எரிக்கப் போறாய்" என்று நான் ஏசினேன். "முப்பத்தாறு பத்துப் போட்டது பிறகென்னத்துக்கு?" என்று நீ கேட்டாய். நான் வயரைச் சுருட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

மூன்றாவது கிழமை சரியான பவர் சப்ளை வந்தது. அதை வீட்டு அலுமாரியில் வைத்தேன். நாளைக்குப் போடுவம். ஞாயிறு போடுவம். உன்னைக் கட்டிலால் இறக்கவேணும், ரின்னைக் கழற்றவேணும், மாற்றினால் ஏன் மாற்றுகிறாய் என்று கேட்பாய். கட்டில்தான் ஓடுகிறதே. ஓடுதெல்லோ, விடு. இரண்டு மாதம் அது அலுமாரிக்குள் பெட்டி பிரிக்காமல் கிடந்தது.

ஆவணி வெயிலில் அந்தச் செவ்வாய்க்கிழமை ரஞ்சி ஒரு கையெழுத்துக்காகக் கச்சேரி அலுவலகத்துக்குப் போகவேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் ஆளில்லை. உன்னைத் தனிய விட்டுவிட்டு எப்படிப் போவது என்று எனக்குப் போன் எடுத்துக் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ போயிட்டு வா தங்கச்சி. இனி அவன் ஒருத்தருக்கும் காத்திருக்கத் தேவையில்லை." எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்.

அவள் போன பிறகு நீ கொஞ்சம் கண் அயர்வோம் என்று கட்டிலைக் கீழே இறக்கினாயாம். இறங்கியது. அரை மணித்தியாலத்தில் சளி வந்து நெஞ்சை அடைத்தது. மேலே அமத்தினாய். காலையிலிருந்து நின்ற இடத்திலேயே முழுக் கரன்ட்டையும் எடுத்து எடுத்து, மூடின ரின்னுக்குள் அந்தச் சின்னச் சப்ளை வெந்துபோய்க் கிடந்தது. முதல் நாலு விரற்கடைக்கு அதனால் ஏலவில்லை. மோட்டர்கள் கறகறவென்று அதிர்ந்து கத்தின, கட்டில் அசையவில்லை. விட்டுவிட்டு அமத்தினாய். பிறகும் அந்தச் சத்தம்தான். இரண்டு மணித்தியாலம் மச்சான். ரஞ்சி வரும்போது உன் உதடு நீலம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் உன்னை நெஞ்சோடு சாய்த்து வைத்திருந்தாள். மூச்சு வந்திருந்தது. நீ என்னைப் பார்த்து ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் இன்றைக்குக் கொஞ்சம் மனிதனாக இருந்திருப்பேன். மெல்லச் சொன்னாய்: "கீழ போய் லேபலை வாசி."

நான் கட்டிலுக்குக் கீழே தவழ்ந்து போனேன். ரின் கையைச் சுட்டது. மூடியைத் திறந்து பார்த்தேன், பார்க்கத் தேவையில்லாததை.

"இருபத்துநாலு" என்றேன். "அஞ்சு."

பிறகு கேட்டாய்: "மற்றது இன்னும் வரேல்லையோ?"

"வந்திட்டுது."

"எப்ப?"

"ரெண்டு மாசம்."

"எங்க கிடக்கு?"

"என்ர அலுமாரிக்குள்ள."

ரஞ்சிக்கு இந்த இலக்கங்கள் விளங்காது. ஆனால் எங்கள் குரலிலிருந்து எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. அவள் முந்தானையால் உன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவேயில்லை. நான் கட்டிலுக்குக் கீழேயே கிடந்தேன். வெளியே வர மனம் வரவில்லை.

"சரி. நாளைக்குக் கொண்டுவந்து போடு" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

அடுத்த நாளே போட்டேன். முப்பத்தாறு, பத்து. ரின்னை வீசிவிட்டுக் காற்றுப் போகிற மாதிரி வலைக்கூடு செய்தேன். குட்டிச் சுவிட்சைத் தட்டினேன். இந்த முறை அரிசி மூட்டை இல்லை, நானே ஏறிப் படுத்து இருபது தரம் ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் தூக்கியது. கடைசியாகத் திருகுத் தண்டுகளைத் துடைத்துப் புதுக் கிறீஸ் பூசிப் பெருவிரலால் இழுத்துவிட்டேன். அந்தக் கட்டிலை முதலிலேயே அப்படித்தான் செய்திருக்கலாம், ஒரு பின்னேர வேலை. சாய்கதிரையில் இருந்து நீ பார்த்துக்கொண்டிருந்தாய். "இப்பத்தான் சரி மச்சான்" என்றாய்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் கடையைப் பூட்டிவிட்டு ஐந்தரைக்கு உன்னிடம் வந்தேன். குற்றமுள்ள ஆளுக்குக் கால் அந்தப் பக்கம்தான் இழுக்கும். நான் வரும்போது நீ எழும்பித்தான் இருப்பாய், போர்வை நெஞ்சுவரைக்கும், ஜன்னலைப் பார்த்தபடி. "கட்டில் எப்பிடி?" என்று கேட்பேன். "ஓம், அந்த மாதிரி. இண்டைக்கு அஞ்சாறு தரம் எழும்பினனான்" என்பாய். ரஞ்சி தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நான் ஒரு நாளும் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் அந்த லேபல் வாசித்த நாள் வரும். நீ ஓம் என்கிறாய், நான் ஓம் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நித்திரை கொள்கிறேன். மன்னித்துவிட்டாய் என்றே நினைத்துக்கொண்டேன்.

நாலு மாதம் அப்படிப் போனது. மார்கழி மழையில் உனக்குச் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கிழமை ரஞ்சி சொல்லி அனுப்பினாள், கட்டிலைக் கழற்றித் தரச் சொல்லி. அவளுக்கு அந்த அறையைப் பார்க்க ஏலவில்லையாம். ஸ்குரூட்ரைவரும் ஸ்பானரும் எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்குத்தான் குனிந்தேன். திருகுத் தண்டில் நான் பூசிய கிறீஸ் பூசியபடியே இருந்தது. என் பெருவிரல் இழுத்த கோடு அதில் அழியாமல் இருந்தது, அதற்கு மேல் தூசி. ஒரு தரம் ஓடியிருந்தாலும் அந்தக் கோடு இருக்காது.

"தங்கச்சி, இது ஓடவேயில்லையோ?"

அவள் நிலத்தில் இருந்தாள்.

"ஒரு நாளும் அமத்தேல்லை அண்ணை. அமத்தினா அந்தச் சத்தம் வருமெண்டு பயம். விரலைக் கொண்டுபோவார், எடுத்திடுவார். நான் அமத்தட்டோ எண்டு கேட்டனான், வேண்டாமெண்டு கண்ணை மூடிக்கொள்ளுவார். என்ர இடுப்பும் ஏலாமப் போச்சு. சரிச்சு, தலகணி வச்சு, சுவர்ப்பக்கம் பாக்கப் படுக்க விட்டிடுவன்."

"நான் வாற நேரமெல்லாம் எழும்பித்தானே இருந்தவன்?"

"நீங்கள் வருவியள் எண்டு அஞ்சு மணிக்குத் தூக்கி இருத்துவன். நாலு தலகணி அண்டை குடுத்து, போர்வையால மூடி. தூக்கேக்க அவருக்கு உயிர் போற நோ. பல்லைக் கடிச்சுக்கொண்டிருப்பார். நீங்கள் படலையால வெளிய போன உடன 'என்னைப் படுக்க விடு' எண்டுவார். உங்களிட்டச் சொல்லிப்போடாத, அவன் தாங்கமாட்டான் எண்டு சொன்னவர்."

நான் ஸ்பானரை வைத்துவிட்டு வெளியே வந்து ஒழுங்கையில் நின்றேன். அழவில்லை. அழுவதற்கும் ஒரு உரிமை வேணும்.

இதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன் மச்சான், வேறொன்றுமில்லை. நீ நாலு மாதமும் ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் எழும்பி இருந்தாய். அது துறைமுகத்தைப் பார்க்க இல்லை. நான் வந்து பார்த்து நிம்மதியாகப் போவதற்கு. ஏதாவது ஒரு நாள் கடையில் வேலை என்று வராமல் விட்டிருந்தால், மழை என்று விட்டிருந்தால், அன்றைக்கு உனக்கு அந்த நோவு இல்லை. ஒரு நாளும் தவறாமல் வந்தேன்.